வெளியாள் ஐடி சப்போர்ட் வேண்டுமா? 18 கணினி உள்ள ஒரு பனியன் கம்பெனிக்கான கணக்கு

திருப்பூரில் ஒரு நடுத்தரப் பனியன் கம்பெனியின் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் 4 கணினி, பையர் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களிடம் 6, பேட்டர்ன் போடும் கேட் (CAD) கணினி 1, ஸ்டோரில் 2, லேபிள் அடிக்க 1, டெஸ்பாட்ச்சில் 2, முதலாளி மேஜையில் 1, டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா இருக்கிற ‘சர்வர்’ 1. ஆக 18. இவற்றோடு 5 பிரிண்டர், விரல்ரேகை வருகைப் பதிவு, கேமரா டிவிஆர், இரண்டு இன்டர்நெட் இணைப்பு. இந்த அலுவலகத்துக்கு வெளியிலிருந்து ஐடி சப்போர்ட் எடுக்க வேண்டுமா? எடுத்தால் எந்த வகை? கோவை பம்பு உதிரிபாகப் பட்டறைக்கும், சிவகாசி அச்சகத்துக்கும், நாமக்கல் லாரி புக்கிங் ஆபீசுக்கும் கேள்வி இதுதான். பெயர்களும் எண்ணிக்கையும்தான் மாறும்.

பலரும் கணினி எண்ணிக்கையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ‘பத்துக்கு மேல் போனால் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடு’ என்பது பொதுவான பேச்சு. எண்ணிக்கை ஒரு அடையாளம்தான். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஆபீசில் எந்த வேலையை இப்போது யாருமே செய்வதில்லை என்பது.

ஒரு அலுவலகத்தில் கணினி சார்ந்த சிக்கல்கள் மூன்று வகை. முதல் வகை கண்ணுக்குத் தெரியும். பிரிண்டர் பேப்பரை இழுக்காது, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போய்விடும், யூபிஎஸ் பேட்டரி ஊதிப்போகும், ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் செத்துவிடும். இதற்கு உடனே ஆள் கூப்பிடுவோம், வந்து சரிசெய்வார், காசு கொடுப்போம். இரண்டாவது வகை சத்தமே போடாது. பேக்கப் மூன்று வாரமாக ஓடவில்லை. வேலையை விட்டுப் போனவரின் மெயில் கடவுச்சொல் மாற்றப்படவில்லை. விண்டோஸ் அப்டேட் எட்டு மாதமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. எதுவும் கெட்டதாகத் தெரியாததால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மூன்றாவது வகை எப்போதாவது வரும், வந்தால் கம்பெனியையே உலுக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், மெயில் மோசடி, தீ, திருட்டு.

கூப்பிட்டால் வரும் சர்வீஸ் ஆள் முதல் வகையைத் தீர்க்கிறார். மூன்றாவது வகை பெரும்பாலும் இரண்டாவது வகையின் புறக்கணிப்பால் வருகிறது, அல்லது அதனால்தான் மீள முடியாததாகிறது. 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் இதற்குத் தெளிவான சாட்சி. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் யாரும் அதைப் போடாமல் விட்ட கணினிகளும், அப்டேட் வருவதே நின்றுபோன பழைய கணினிகளும்தான் மாட்டின. ஆகவே வெளியாளிடம் காசு கொடுத்து வாங்க வேண்டியது முக்கியமாக இந்த இரண்டாவது வகை வேலை. கீழே உள்ள ஐந்து வழிகளையும் இந்த ஒரு அளவுகோலால்தான் அளந்திருக்கிறோம்.

ஆபீசிலேயே ‘கொஞ்சம் தெரிந்தவர்’

பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. கணக்குப் பிரிவில் ஒரு பையனுக்குக் கணினியில் கை ஓடும். பிரிண்டர் நின்றால் அவர், டேலி திறக்கவில்லை என்றால் அவர், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் தெரியவில்லை என்றால் அவர். 5 கணினி வரை, மெயிலும் ஃபைல்களும் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் போன்ற இடத்தில் இருந்தால், இது போதும் என்றே சொல்வோம்.

அதற்கு மேல் போகும்போது செலவு மறைந்து நிற்கிறது. 20,000 ரூபாய் சம்பளம் வாங்குபவர் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் இதில் செலவிட்டால், 8 மணி நேர வேலை நாளில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. மாதம் 3,750 ரூபாய் இதற்குப் போகிறது. அந்த நேரத்தில் நடக்க வேண்டிய பில் பதிவும் நிற்கிறது. அதுவும் எப்போது? 7ஆம் தேதி டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. அவருடைய சொந்த வேலை தலைக்கு மேல் இருக்கும் அதே நாட்களில்தான் மற்றவர்களும் அவரைக் கூப்பிடுவார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து அவர் வேலையை விட்டுப் போகும் நாள். ரூட்டர் கடவுச்சொல், மெயில் அட்மின், டொமைன் கணக்கு, கேமரா லாகின் எல்லாம் அவருடைய சொந்த ஜிமெயிலில் இருக்கும். அவர் நல்லவர்தான், கேட்டால் கொடுப்பார். ஆனால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதே உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் நடக்கிறது. உதவி செய்யும் நல்ல எண்ணத்தில் கிராக் செய்த எம்எஸ் ஆபீஸ், லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்கும் கேஎம்எஸ் ஆக்டிவேட்டர் எல்லாம் போட்டுவிடுவார்கள். அவற்றை ஓட்ட ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும், அல்லது விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும். திருட்டு மென்பொருள் ஒரு பக்கம் இருக்கட்டும், கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காவலாளியையும் வீட்டுக்கு அனுப்பிய கதை இது.

கூப்பிட்டால் வரும் சர்வீஸ் ஆள்

ஊரில் கடை வைத்திருப்பார், தொலைபேசியில் சொன்னால் வருவார், வந்த தடவைக்குக் காசு. ஹார்டுவேருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. பல ஊர்களில் இவர்களின் கைத்திறன் அபாரம். மதர்போர்டில் கெப்பாசிட்டர் மாற்றி இன்னும் மூன்று வருடம் ஓட்டிக் கொடுப்பார்கள்.

சிக்கல் அவருடைய திறமையில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. கணினி கெட்டால்தான் அவருக்கு வருமானம். கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. உங்கள் ஆபீசில் எத்தனை கணினி, எதில் என்ன இருக்கிறது என்ற குறிப்பும் அவரிடம் இருக்காது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கிறார்.

அதனால்தான் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாக ‘ஃபார்மட் அடிச்சிரலாமா?’ என்ற கேள்வி வருகிறது. சரி என்று சொல்லும் முன் எவையெல்லாம் போகும் என்று பாருங்கள். டெஸ்க்டாப்பில் இருந்த எக்செல் கோப்புகள், அவுட்லுக் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி கோப்பு, பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள், டிஎஸ்சி டோக்கன் டிரைவர், லேபிள் பிரிண்டரின் அளவு அமைப்புகள். டேலி டேட்டா சி டிரைவிலேயே இருந்தால் அதுவும். ஃபார்மட் அடித்து இரண்டு மணி நேரத்தில் கணினியைக் கொடுத்துவிடுவார். உங்கள் ஆள் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆகும்.

புதிதாக ஒரு வலையும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்காரும். நிறுவியவர் அவசரத்துக்குத் தன் மெயில் ஐடியைப் போட்டிருந்தால் சாவி அவரிடம். ஒரு வருடம் கழித்து மதர்போர்டு மாற்றும்போது கணினி அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். யாருடைய மெயில் என்று அப்போது தேடி நிற்காதீர்கள். இப்போதே ஒவ்வொரு கணினியிலும் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பார்த்து, சாவியை எடுத்து அச்சடித்து வையுங்கள்.

ஏஎம்சி

வருடத்துக்கு ஒரு தொகை, இத்தனை கணினி, இத்தனை தடவை வருவோம் என்ற ஒப்பந்தம். இரண்டு வகை உண்டு. பாகங்களையும் அவர்களே தருவது ஒன்று, உழைப்பு மட்டும் தந்து பாகத்துக்குத் தனியாகக் காசு வாங்குவது இன்னொன்று. முதல் வகையில் தொகை கூடுதல். அதிலும் யூபிஎஸ் பேட்டரி, பிரிண்டர் ஹெட், டோனர், லேப்டாப் அடாப்டர், மின்னல் மற்றும் எலி சேதம் ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். உங்கள் கணினிகள் மூன்று வருடத்துக்குள் வாங்கியவையாக இருந்து உற்பத்தியாளர் வாரன்டியும் ஓடிக்கொண்டிருந்தால், பாகம் சேர்ந்த ஏஎம்சிக்குக் கொடுக்கும் பணம் வீண்.

ஏஎம்சி தாளில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, ‘டேட்டா இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல’. கிட்டத்தட்ட எல்லா ஒப்பந்தத்திலும் இது இருக்கும், அவர்கள் தரப்பில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த வரியைக் கையெழுத்திட்ட பிறகும் ‘ஏஎம்சி இருக்கு, பேக்கப்பை அவங்க பாத்துக்குவாங்க’ என்று நினைப்பவர்கள் ஏராளம். மற்றொன்று, ‘4 மணி நேரத்தில்’ என்ற வாக்கு. எதற்கு 4 மணி நேரம்? போனை எடுக்கவா, ஆள் வரவா, வேலை முடியவா? பெரும்பாலும் ஆள் வருவதற்கு. வந்தவர் பார்த்துவிட்டு ‘பார்ட் வரணும் சார், நாளைக்கு’ என்று போனாலும் வாக்கு காப்பாற்றப்பட்டதாகவே கணக்கு.

ஏஎம்சி முதல் வகைச் சிக்கலுக்கான மொத்த விலைச் சீட்டு. இரண்டாவது வகை வேலைகளைத் தனியாக எழுதிச் சேர்க்காவிட்டால் அது தானாக வராது. சேர்க்கக் கேட்டால் பல உள்ளூர் நிறுவனங்கள் நியாயமான கூடுதல் தொகைக்குச் சம்மதிப்பார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

மாதக் கட்டண நிர்வாகச் சேவை

ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு மென்பொருளைப் போட்டுத் தூரத்திலிருந்தே கவனிப்பார்கள். அப்டேட் போடுவது, ஆன்டிவைரஸ் ஓடுகிறதா என்று பார்ப்பது, டிஸ்க் நிரம்புவதை முன்கூட்டியே சொல்வது, பேக்கப் அறிக்கை அனுப்புவது, மெயில் கணக்குகளைத் திறந்து மூடுவது. இரண்டாவது வகை வேலைகள் இங்கேதான் ஒழுங்காக நடக்கின்றன. கெடாமல் இருந்தால் அவர்களுக்கும் லாபம் என்பதால் இரு தரப்பின் நலனும் ஒரே பக்கம் நிற்கிறது.

குறை இரண்டு. பிரிண்டரில் சிக்கிய பேப்பரைக் கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ எடுக்க முடியாது. கைவேலைக்கு உள்ளூர் ஆள் எப்படியும் வேண்டும். அடுத்தது, எல்லா வாடிக்கையாளர் கணினிகளுக்கும் அவர்களிடம் ஒரே சாவி இருக்கிறது. 2021 ஜூலையில் கசேயா என்ற நிர்வாக மென்பொருள் வழியாக ரான்சம்வேர் பரவியபோது, அதைப் பயன்படுத்திய சேவை நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் 1,500 வரை பாதிக்கப்பட்டார்கள். சுவீடனில் கூப் என்ற பேரங்காடி நிறுவனம் பில் போட முடியாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியது. அந்தக் கடைகள் எதுவும் தவறு செய்யவில்லை. ஆகவே இந்த வகை நிறுவனத்திடம் பேசும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: உங்கள் ஆட்கள் எங்கள் கணினிக்குள் நுழைய இரண்டாவது சரிபார்ப்பு இருக்கிறதா, ஆளுக்கு ஒரு தனி லாகினா, ஒரே லாகினை எல்லோரும் பகிர்கிறீர்களா? தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள்.

சம்பளத்துக்கு ஒரு ஐடி ஆள்

கையருகே ஒருவர் இருப்பது பெரிய வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் 18 கணினியில் ஒரு முழு ஆளுக்கு நாள் முழுக்க வேலை இருக்காது. ஆறு மாதத்தில் அவர் கூரியர் ஒட்டுவதும் பேங்குக்குப் போவதுமாக மாறிவிடுவார். திறமையானவராக இருந்தால் அதற்குள் வேறு வேலை தேடிப் போய்விடுவார். லீவு போட்டால் மாற்று இல்லை. ஒருவருக்கே நெட்வொர்க், மெயில், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் ஆழமாகத் தெரியும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. 40, 50 கணினிக்கு மேல் போனால், அல்லது இரண்டு ஷிப்டில் ஈஆர்பி (மொத்தத் தொழிலையும் நிர்வகிக்கும் மென்பொருள்) ஓடி ராத்திரியிலும் தறியோ தையலோ நிற்கக் கூடாது என்றால் ஆள் எடுங்கள். அப்போதும் அவருக்குப் பின்னால் ஒரு வெளி நிறுவனம் வேண்டும்.

பணக் கணக்கு

கீழுள்ள விலைகள் கணக்கைக் காட்டுவதற்காகப் போட்டவை. உங்கள் ஊரில் மூன்று பேரிடம் விலை வாங்கி அந்த எண்களை இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டால் வருபவருக்குத் தடவைக்கு 500 ரூபாய், மாதம் 4 தடவை என்றால் வருடம் 24,000. உழைப்பு மட்டும் தரும் ஏஎம்சி கணினிக்கு 1,500 வீதம் 27,000. மாதக் கட்டணச் சேவை கணினிக்கு 600 வீதம் 1,29,600. இவை இரண்டுக்கும் 18% ஜிஎஸ்டி தனி, நீங்கள் பதிவு செய்தவரானால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 22,000 சம்பளத்தில் ஆள் வைத்தால் 2,64,000. கம்பெனி பங்கு பிஎஃப், தீபாவளிக்கு ஒரு மாத போனஸ் சேர்த்தால் 3 லட்சத்தைத் தாண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் 24,000தான் வெல்லும். எதிர்ப்பக்கத்தையும் எழுதுங்கள். டேலியில் நாளுக்கு 120 வவுச்சர், ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் ஒரு நாள் பதிவு 6 மணி நேர வேலை. கடைசியாக உருப்படியான பேக்கப் 20 நாள் பழையது என்றால், மறுபடி உட்கார்ந்து அடிக்க 120 மணி நேரம். ஒருவருக்கு 15 முழு வேலை நாட்கள். அதற்கும் எல்லா பில்லும் தாளில் இருக்க வேண்டும். சம்பள இழப்பைவிட பெரியது இன்னொன்று. பேக்கிங் லிஸ்டும் லேபிளும் போட முடியாமல் இரண்டு நாள் நின்று கப்பல் கட்-ஆஃப் தவறினால், பையர் ‘விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது’ என்பார். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு பில்லின் கனம் தெரியும். உங்கள் கடைசி ஏர் ஃபிரைட் தொகையை 1,29,600-க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வேறு தொழிலில் இந்தக் கணக்கு தலைகீழாகவும் வரலாம். கணினி இரண்டு நாள் நின்றாலும் நோட்டில் எழுதி வியாபாரம் நடத்திவிடக்கூடிய மளிகை மொத்தக் கடைக்கு 1,29,600 செலவழிப்பது அறிவல்ல.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரத்தில் செய்ய வேண்டிய சோதனை

விலை கேட்டுப் போகும் முன் உங்கள் ஆபீஸின் உண்மை நிலை தெரிய வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

முதலாவது, பேக்கப்பை மீட்டுப் பார்ப்பது. இருக்கிறதா என்று பார்ப்பது போதாது, மீட்க வேண்டும். டேலி பேக்கப் கோப்பை வேறொரு கணினிக்கு எடுத்துப் போய், தனி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள். சர்வரிலேயே, அதே ஃபோல்டரிலேயே ரீஸ்டோர் கொடுத்தால் இன்றைய டேட்டாவின் மேல் பழையது ஏறிவிடும். இந்தத் தவறில் நல்ல டேட்டாவைத் தொலைத்தவர்கள் உண்டு. திறந்ததும் கடைசி விற்பனை பில் எண், தேதி, ஒரு வங்கிக் கணக்கின் இருப்பு ஆகிய மூன்றையும் சர்வரில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த பேக்கப் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். சர்வரிலேயே செருகி வைத்திருக்கும் யூஎஸ்பி டிஸ்க்கில் என்றால், ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்தே பூட்டும். நெட்வொர்க் டிரைவாக மேப் செய்த இடமும் அப்படித்தான். டேலி ஃபோல்டரையே கூகுள் டிரைவில் சிங்க் போட்டு வைப்பதும் பேக்கப் ஆகாது. பூட்டப்பட்ட கோப்பும் சிங்க் ஆகி மேலே போகும். பழைய பதிப்புகள் 30 நாள் வரை இருக்கும்தான், ஆனால் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எடுப்பது நரகம். தவிர, டேலி திறந்திருக்கும்போது சிங்க் மென்பொருள் கோப்பைப் பிடித்தால் டேட்டா கெடும். டேலியில் பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் கோப்பை மட்டும் மேலே அனுப்புங்கள். இரண்டு யூஎஸ்பி டிஸ்க் வைத்துக்கொண்டு வாரம் ஒன்றாக மாற்றி, ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது, ரூட்டர். வெளியிலிருந்து உள்ளே வழி விடும் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் 3389 என்ற எண் இருந்தால் இன்றே நீக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து டேலி பார்க்க வசதியாக யாரோ ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். சிறு நிறுவனங்களுக்குள் ரான்சம்வேர் நுழையும் மிகப் பழக்கமான கதவு இது. 3389-ஐ வேறு எண்ணாக மாற்றி வைத்திருந்தாலும் ஆபத்து அதேதான். விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியாக மட்டும் நுழையும்படி மாற்றுவது சரியான வேலை. ஒரு நல்ல ஆளுக்கு அரை நாள் போதும். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க்கில் நிரந்தரக் கடவுச்சொல் போட்டு வைத்திருக்கும் கணினிகளையும் எண்ணுங்கள். அந்தக் கடவுச்சொல் எத்தனை பழைய சர்வீஸ் ஆட்களுக்குத் தெரியும்?

மூன்றாவது, விண்டோஸ் பதிப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். இந்த அளவுக்கு வராத கணினி எத்தனை என்று எழுதுங்கள். கேட் பிளாட்டர், எம்பிராய்டரி மெஷின் போன்றவற்றோடு வந்த பழைய கணினிகளை டாங்கிள் (லைசென்ஸுக்காகச் செருகும் சாவி) காரணமாக மாற்ற முடியாது. அவற்றை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து, ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்தும் பிரித்து வைக்க வேண்டும். அங்கே கோப்பு கொண்டுபோக ஒரே ஒரு பென்டிரைவ், அதற்கென்றே தனியாக.

நான்காவது, பெயர்கள். டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் பதிவாகியிருக்கிறது? மெயில் அட்மின் யார்? இ-வே பில் தளத்தின் ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது? 2025 ஏப்ரல் 1 முதல் எல்லா வரிசெலுத்துவோருக்கும் இ-வே பில்லில் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஒரு போன் வைத்திருப்பவர் ஊருக்குப் போனால் சரக்கு கேட்டிலேயே நிற்கும். துணைப் பயனர்களை அவரவர் செல்பேசி எண்ணோடு உருவாக்கிக்கொள்ளலாம். இதற்கு எந்த ஐடி நிறுவனமும் தேவையில்லை.

ஐந்தாவது, மெயில். ஏற்றுமதியாளர்களைக் குறிவைக்கும் மோசடி ஒரே அச்சில் நடக்கிறது. மெர்ச்சண்டைசரின் மெயிலுக்குள் நுழைந்து, வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருந்துவிட்டு, பணம் வரும் சமயத்தில் பையருக்கு ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று உங்கள் பெயரிலேயே எழுதுவார்கள். ஒவ்வொரு மெயில் பெட்டியிலும் ஃபில்டர், தானாக ஃபார்வர்டு ஆகும் விதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத முகவரி அங்கே இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். எல்லா மெயிலுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள். வங்கி விவரம் மாறினால் போனில் உறுதிசெய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று பையர்களிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்கும் 1930-க்கும் அழையுங்கள்.

இந்த ஐந்தில் நான்கு சரியாக இருந்தால், இப்போது இருக்கும் ஏற்பாட்டையே தொடரலாம். முதலாவதும் இரண்டாவதும் தவறியிருந்தால், கணினி எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் வெளியாள் தேவை.

சட்டம் ஒரு இடத்தில் முடிவை உங்கள் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட் திருத்தம் சொல்கிறது. கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் (எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்பு) பதிவாவது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம், ஆடிட்டர் தன் அறிக்கையில் அதைக் குறிப்பிட வேண்டும். புரொப்ரைட்டர்ஷிப்புக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் இந்தக் கம்பெனி விதிகள் பொருந்தாது. சைபர் தாக்குதல் நடந்தால் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசு சைபர் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022 ஏப்ரல் உத்தரவும் இருக்கிறது. தெரிவிப்பது நீங்களா, சேவை நிறுவனமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

எங்கள் தேர்வு

அந்த 18 கணினிக் கம்பெனிக்கு நாங்கள் சொல்வது கலவை. உழைப்பு மட்டும் தரும் உள்ளூர் ஏஎம்சி ஒன்று, கைவேலைக்கு. அதோடு மாதம் ஒரு முழு நாள் வழக்கமான பராமரிப்புக்கு ஒருவர். அவர் அதே ஏஎம்சி நிறுவனத்தின் மூத்த ஆளாக இருக்கலாம், வேறு நிறுவனமாகவும் இருக்கலாம். நாளுக்கு 4,000 என்று வைத்தால் வருடம் 48,000, ஏஎம்சியோடு சேர்த்து 75,000. முழு மாதக் கட்டணச் சேவையின் விலையில் இது பத்தில் ஆறு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, ஆனாலும் முக்கியமான வேலைகள் எல்லாம் இதில் அடங்கிவிடும். மெர்ச்சண்டைசர்கள் வெளியூரிலிருந்தும் வேலை செய்கிறார்கள், பையர் தணிக்கையில் தகவல் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் மாதக் கட்டணச் சேவைக்கே போய்விடுங்கள். நோயாளிகளின் விவரம் வைத்திருக்கும் கிளினிக், லேப் போன்றவையும் எண்ணிக்கை பார்க்காமல் அப்படியே.

அந்த மாத நாளில் நடக்க வேண்டியவை எழுத்தில் இருக்க வேண்டும். பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, பில் எண்ணைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புவது. விண்டோஸ், ரூட்டர் அப்டேட். போன மாதம் விலகியவர்களின் லாகின்களை மூடுவது. டிஸ்க்குகளின் உடல்நிலை பார்ப்பது. எஸ்எஸ்டி முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே நாளில் போய்விடலாம் என்பதால் சர்வரில் இரண்டு டிஸ்க்கை ஜோடியாக ஓடவிட வேண்டும். அது டிஸ்க் கெடுவதற்கான காப்புதான், பேக்கப்புக்குப் பதில் ஆகாது. யூபிஎஸ்ஸில் மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் தாங்குகிறதா என்று பார்ப்பது. சிறு யூபிஎஸ் பேட்டரிகள் நம் ஊர் வெயிலுக்கு இரண்டு, மூன்று வருடம்தான் தாங்கும். வாங்கிய தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி வையுங்கள்.

சர்வர் என்று சொல்லும் கணினி சாதாரண விண்டோஸ் 11 புரோ என்றால், ஒரே நேரத்தில் 20 கருவிகள் மட்டுமே அதன் பகிர்வு ஃபோல்டரில் நுழையலாம். 18 கணினியும் சில ஸ்கேனர்களும் சேர்ந்தால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். ‘சில சமயம் ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது, கொஞ்ச நேரம் கழிச்சு வருது’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். ஃபார்மட் அடித்தால் தீராது. நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர்வதற்கென்றே உள்ள சிறிய நாஸ் பெட்டி வாங்கிப் பகிர்வு ஃபோல்டர்களை அதில் வைத்தால் தீரும்.

ஒப்பந்தம் முதலில் மூன்று மாதத்துக்குப் போடுங்கள், வருடத்துக்கு அல்ல. விலகும்போது எல்லா கடவுச்சொல், நெட்வொர்க் வரைபடம், லைசென்ஸ் விவரங்களை 7 நாளில் ஒப்படைக்க வேண்டும், கடைசித் தவணை அதற்குப் பிறகே என்று ஒரு வரி சேர்க்கவும். டொமைன், மெயில், லைசென்ஸ் எதையும் அவர்கள் பெயரில் வாங்க விடாதீர்கள். கம்பெனியின் சொந்த மெயிலில், கம்பெனியின் கார்டில் வாங்கி, நிர்வகிக்க மட்டும் அவர்களுக்கு அனுமதி கொடுங்கள். டிஎஸ்சி டோக்கனையும் அதன் பின் எண்ணையும் ஒன்றாக எவரிடமும் கொடுக்க வேண்டாம், ‘டிரைவர் போட்டுத் தரேன், வெச்சுட்டுப் போங்க’ என்று கேட்டாலும்.

முதல் மாதப் பில் கொடுக்கும் முன் அவர்கள் அனுப்பிய மீட்புச் சோதனையைக் கேளுங்கள். அது வந்ததும், அட்மின் கடவுச்சொற்களையும் 48 இலக்கச் சாவிகளையும் அச்சடித்து ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, செக் புக் இருக்கும் அதே லாக்கரில் வையுங்கள். ஐடி ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கவரைப் புதிதாக்க வேண்டும்.